ஒரு வாளி நீர்

நெடுந்தீவில் எரிமலை இல்லை, முருகைக்கல்லே நிலம். உவர்நீரின்மேல் மிதக்கும் மழைநீரின் மெல்லிய படையே அங்குள்ள நன்னீர்க் கிணறுகளுக்கு ஊற்று. இதனை நூல்களிற் கற்றிருந்தேன். ஆயினும், கடந்த கோடையில் குறிகட்டுவானிற் படகேறிச் சென்று நண்பர் ஐவர் கூடாரமடித்துத் தங்கியபோது, ஊரவர் தந்த நீரிற் பாதியைக் கால் கழுவியே தீர்த்தோம்.

நள்ளிரவில் மட்டக்குதிரையொன்று வந்து எமது வெறும் வாளியை முகர்ந்து நின்றது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து எச்சமான அவ்வினம் வரட்சியில் நீரின்றி மடிவதுண்டு. 2015 இல் அவை உலவும் வெளி தேசிய பூங்காவாகப் பிரகடனமாயிற்று. பிரகடனம் மட்டும் தாகந் தீர்க்குமா?

விடியுமுன் கிணற்றடி சென்று வாளியை நிரப்பி வைத்தேன். குதிரை திரும்பவில்லை. அன்று கழுவிய கால்கள் இன்றும் கூசுகின்றன.