அரிசிக்கு விலை சொன்ன ஒசாகா

‘ஜப்பானில் ஒசாகா நகரத்தில் வேலை பார்க்கும் மகன் எங்களைக் கூப்பிடுகிறான். விவசாயிக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிறையவே இருக்கிறது. ஆனால், வீட்டில் ஆளுக்கு ஓர் இடம் பிடிக்கும்.

பேரப்பிள்ளைகளுக்குத் துறைமுகப் பக்கம் உள்ள கையுகான் மீன் காட்சியகம். திமிங்கிலச் சுறாவைப் பார்த்தவர்களை அங்கிருந்து கிளப்புவது சிரமம். பெரியவர்களுக்குக் கோட்டை. ஹிதெயோஷி 1583-ல் கட்டத் தொடங்கியது. இப்போது நிற்கும் கோபுரம், 1931-ல் ஊர்மக்கள் கொடுத்த நன்கொடையில் எழுப்பிய கான்கிரீட் கட்டடம். லிஃப்ட் இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களும் மேலே போய் வரலாம். பொம்மலாட்டம் பிடித்தவர்கள் புன்ராக்கு பாருங்கள். ஒரு பொம்மையை மூன்று பேர் சேர்ந்து ஆட்டுவார்கள்.

சாப்பாட்டுப் பிரியர்களுக்கு டோடோன்போரி வாய்க்கால் கரை. நம் பணியாரக் கல் போன்ற குழிக்கல்லில், உள்ளே ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடும் டகோயாகி அங்கே பிரபலம். சைவம் சாப்பிடுபவர்கள் கவனம். வெறும் காய்கறிச் சாறு போலத் தெரிவதிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும்.

நம்மைப் போன்றவர்கள் போக வேண்டிய இடம் டோஜிமா ஆற்றங்கரை. இன்று அங்கே உயர்ந்த கட்டடங்களும், அரிசிமணி வடிவில் ஒரு நினைவுச்சின்னமும்தான். அந்தக் காலத்தில் ஜப்பான் விவசாயிகள் வரியை அரிசியாகவே கட்டினார்கள். சிற்றரசர்கள் அதைப் படகில் ஏற்றி ஒசாகா கிடங்குகளுக்கு அனுப்பி விற்றார்கள். வாங்கியவருக்கு மூட்டைக்குப் பதில் சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டே கைமாறத் தொடங்கியது. பிறகு, மூட்டையைப் பார்க்காமல் கணக்கிலேயே வாங்கி விற்றார்கள். 1730-ல் அரசு இதற்கு அனுமதி கொடுத்தது. இன்று நாம் சொல்லும் முன்பேர வர்த்தகத்துக்கு உலகிலேயே முன்னோடி இதுதான் என்பார்கள். அன்றைய விலையைக் குன்றுக்குக் குன்று கொடி அசைத்து வெளியூருக்குச் சொன்னார்களாம்.

அரசு ஏன் அனுமதித்தது? சாமுராய்களுக்குச் சம்பளமே அரிசி. விலை விழுந்தால் அவர்கள் வருமானமும் விழும். விளைவித்தவருக்காக யாரும் விலை பேசவில்லை.

அதன் விளைவை 1837-ல் அந்த ஊரே பார்த்தது. பஞ்ச காலத்தில், பட்டினி கிடந்த ஒசாகாவிலிருந்து தலைநகருக்கு அரிசி போனது. ஓஷியோ ஹெய்ஹாச்சிரோ என்ற முன்னாள் அதிகாரி தன் புத்தகங்களை விற்று ஏழைகளுக்கு உதவினார். அதுவும் போதாமல் மாணவர்களையும் விவசாயிகளையும் சேர்த்துக் கலகம் செய்தார். கலகம் சீக்கிரமே அடங்கியது. தீ மட்டும் ஊரில் பெரும் பகுதியைத் தின்றது. அரசு ஊழியனான எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு, தீ வைத்ததற்காக அல்ல!

உங்கள் ஊருக்கு அறுவடைக்கு வரும் குபோட்டாவுக்கும் பிறந்த ஊர் இதுதான். 1890-ல் வார்ப்புப் பட்டறையாகத் தொடங்கியது. நடவு இயந்திரம் செய்யும் யன்மார் 1912-ல் இங்கே தொடங்கியது. பெயர் தட்டானைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தட்டான் பறந்தால் நல்ல மகசூல் என்பது அவர்கள் நம்பிக்கை.

அக்டோபரில் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் நம்மூர்ப் புழுக்கம்தான். நாரா பக்கம் ரயிலில் போனால் விளைந்த வயல்களைப் பார்க்கலாம். ஆசைப்பட்டு விதை, நாற்று எதையும் பையில் போட்டு வராதீர்கள். இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றும் இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள். மகனுக்கென்று இங்கிருந்து மாம்பழம், கறிவேப்பிலை கொண்டு போனாலும் அதே கதிதான்.