‘ஆம்’ என்று ஒரு டிக்

தேவாரத்தில் அப்பாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ரேடியோக்கடை என்றால் எல்லாருக்கும் தெரியும். ரேடியோ போய், ஏலத்தோட்ட ஜீப்புகளின் டேப் ரெக்கார்டர் வந்து, அதுவும் போய் செட்டாப் பாக்ஸ் வந்தபிறகும் அதே பெயர்தான். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் ஈயம் பத்தவைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். “கையக் கழுவாம எதையும் வாய்ல வைக்காதடா” என்பார். கடையின் மொத்தச் சுற்றுச்சூழல் கொள்கையும் அவ்வளவுதான்.

அந்தக் கம்பியில் அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம். 2006 ஜூலை 1 முதல் காரீயம், பாதரசம், காட்மியம் உட்பட ஆறு பொருள்களை மின்னணுச் சாதனங்களில் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியது. 2011-இன் மின்கழிவு விதிகள் வழியாக அதே ஆறும் இந்தியச் சட்டத்துக்குள் வந்தன. பழைய ஈயம் 183 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். பதிலாக வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவைக்கு 217 டிகிரியாவது வேண்டும். தொழிற்சாலைகளில் பற்றவைக்கும் அடுப்பின் சூட்டிலிருந்து பிளாஸ்டிக் கனெக்டர் வரை மாற்றவேண்டி வந்தது. எங்கள் கடையிலும் தெரிந்தது. “புது போர்டு லேசுல இளக மாட்டேங்குதுடா.”

மாறாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு 2001 கடைசியில் சோனிக்கு நடந்ததைச் சொல்வார்கள். ஏறத்தாழ 13 லட்சம் பிளேஸ்டேஷன் பெட்டிகளை நெதர்லாந்து நிறுத்திவைத்தது. வயரில் அனுமதித்த அளவைவிடக் காட்மியம் அதிகம். வயரைக் கொடுத்தது சப்ளையர், கிறிஸ்துமஸ் வியாபாரம் போனது சோனிக்கு. பிறகு ‘கிரீன் பார்ட்னர்’ என்ற முறையில் சப்ளையர்களை நேரில் தணிக்கை செய்து, தேறியவர்களிடம் மட்டும் வாங்கத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வேலையைச் செய்தேன்.

சென்னையில் ஒரு மின்னணு நிறுவனத்துக்கு சப்ளையர் போர்ட்டல் எழுதிக்கொண்டிருந்தோம். ‘கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் வரம்புக்குள் உள்ளனவா?’ என்ற கேள்வியைப் பலர் காலியாக விட்டதால் படிவம் உள்ளே போகவில்லை. தேதி நெருங்கியது. ‘ஆம்’ என்பதை முன்கூட்டியே டிக் செய்து வைத்தேன். ஒரே வரிதான். அடுத்த வாரம் திரை முழுக்கப் பச்சை. மீட்டிங்கில் கைதட்டினார்கள்.

சுற்றுச்சூழல் மேலாண்மை கம்பெனிக்கு லாபமா நஷ்டமா என்ற விவாதம் ஓயவில்லை. 1996-இல் வந்த ஐஎஸ்ஓ 14001 தரநிலை எவ்வளவு சுத்தம் வேண்டும் என்று அளவு சொல்வதில்லை. திட்டமிட்டு, செய்து, சரிபார்த்து, திருத்தும் ஒரு முறை இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. வயரை அறுத்துப் பார்க்கிற தொழிற்சாலையிலும் என் பச்சைத் திரையை நம்புகிற தொழிற்சாலையிலும் ஒரே சான்றிதழ் தொங்கலாம். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் என்ன விடை வரும்?

பொங்கலுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். மல்டிமீட்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “வச்சுப் பாக்காமயே செட்டு ஓடுதுன்னு காசு வாங்குனியா?”

திரும்பிவந்து அந்த வரியை எடுத்தேன். மேனேஜர் இரண்டு நாள் பேசவில்லை. திரையில் பாதி சிவந்தது. மூன்றாம் நாள் ஒரு சப்ளையர் போன் செய்தார்: “சார், இந்தக் கேள்விக்கு என்ன சார் அர்த்தம்? எதை டெஸ்ட் பண்ணணும்?”

அந்தக் கேள்வியை ஒருவர் வாசித்தது அன்றைக்குத்தான்.