வாள், சுக்கான், கரண்டி: லிங்கி ஆற்றங்கரைக் கற்கள்

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் பழைய கல்லறைகளுக்குப் பஞ்சமில்லை. மவுண்ட் ஃபேபர் அடிவாரத்தில் ஜாவா இளவரசி ராடின் மாஸ் ஆயுவின் கெராமாட் (புனிதச் சமாதி) இருக்கிறது. தந்தையைக் குறிவைத்த கிரிஸ் கத்திக்குத் தன் உடலைக் கொடுத்தவள் என்று அவளைப் பற்றிக் கதை உண்டு. தெலுக் பிளாங்காவில், தெமெங்கோங் தாயெங் இப்ராஹிம் பள்ளிவாசலை ஒட்டி ஜொகூர் அரச குடும்பத்தின் கல்லறைகள். 1825இல் மறைந்த தெமெங்கோங் அப்துல் ரஹ்மான் அங்கேதான் அடக்கமானார். 1850இல் இறந்த வள்ளல் டான் டோக் செங்கின் சமாதி ஊட்ரம் சாலைச் சரிவில் உள்ளது. 1936இல் தியோங் பாருவில் முதல் அடுக்குமாடி வீடுகள் எழுந்ததும் பழைய சீன இடுகாடுகள் இருந்த நிலத்தில்தான்.

இவற்றில் இன்றும் நிற்பவை பெயரும் கதையும் உள்ளவர்களின் கல்லறைகள். யார் செதுக்கியது, எந்தக் காலம் என்று இன்றும் வாதாட வைக்கும் ஈமக்கற்களைப் பார்க்க வேண்டுமானால் ஜொகூர் பாலத்தைத் தாண்டி வடக்கே போக வேண்டும். சிங்கப்பூர் ஆற்றுமுகத்திலும் ஒரு பெரிய எழுத்துப் பாறை இருந்தது. அது கல்லறைக் கல் அல்ல. 1843இல் ஆங்கிலேயர் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தை இதுவரை யாரும் உறுதியாகப் படித்ததில்லை.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், லிங்கி ஆற்றுப் பக்கம், பெங்காலான் கெம்பாஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மூன்று நெடுங்கற்கள் நிற்கின்றன. உருவத்தைப் பார்த்து மக்கள் அவற்றுக்கு வாள், சுக்கான், கரண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சும்மா நட்டுவைத்த கற்கள் அல்ல இவை. செதுக்கு வேலைப்பாடும் இவற்றில் உண்டு. வாள் கல்லில் அரபு எழுத்தில் ‘அல்லாஹ்’ என்ற சொல் புடைப்பாகத் தெரிகிறது.

பக்கத்திலேயே ஷேக் அகமது மஜ்னுனின் சமாதி. அங்குள்ள நாற்பக்கத் தூணில் இரண்டு பக்கம் ஜாவி எழுத்து, இரண்டு பக்கம் காவி எழுத்து. அதில் உள்ள ஆண்டு 1467. மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம் அது. ஜாவி, அரபு எழுத்தின் வழி வந்தது. காவியோ பல்லவர் எழுத்தின் வழி வந்தது. காஞ்சியிலிருந்து கடல் கடந்த எழுத்து மரபின் பேரப்பிள்ளை ஒன்று, பதினைந்தாம் நூற்றாண்டு முஸ்லிம் ஒருவரின் சமாதித் தூணில், அரபு வழி எழுத்தோடு தோள் உரசி நிற்கிறது. தமிழ் வாசகர் இந்தத் தூணின் முன் சற்று நேரம் நிற்கலாம்.

அதே தூணில் வட்டத் துளை ஒன்றும் உண்டு. சத்தியம் செய்பவர் அதில் கையை விடுவார். பொய் சொன்னால் கல் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை.

ஷேக் அகமது மஜ்னுன் எப்படிப்பட்ட ஞானி, சுல்தானை எதிர்த்தவரா என்பதிலெல்லாம் கதைகள் பல. ஆய்வாளர்களின் சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. ஐவர் எவன்ஸ் இங்கே அகழ்ந்து 1921இல் அறிக்கை வெளியிட்ட நாளிலிருந்தே ஒரு கேள்வி தொடர்கிறது: கற்கள் முந்தியா, சமாதி முந்தியா? நெகிரி செம்பிலானிலும் பக்கத்து மலாக்காவின் அலோர் காஜாவிலும் செதுக்கு இல்லாத நெடுங்கற்கள் ஏராளம். அவை உயிருள்ளவை, மெல்ல வளர்பவை என்று மலாய் மக்கள் சொல்வார்கள். பெங்காலான் கெம்பாஸ் கற்களும் அந்தப் பழைய வழக்கத்தைச் சேர்ந்தவை, இஸ்லாம் வந்தபின் இறைவன் பெயர் சேர்ந்தது என்பது ஒரு தரப்பு. எல்லாமே சமாதியோடு சேர்த்து நிறுத்தப்பட்டவை என்பது இன்னொரு தரப்பு.

இதற்குக் கல்லே ஒரு சாட்சி சொல்கிறது. குழிவாக வெட்டிய எழுத்தென்றால், பழைய கல்லில் பின்னால் வந்தவர் எவரும் சேர்த்துவிடலாம். புடைப்பு எழுத்து அப்படியல்ல. அதைச் சுற்றியுள்ள பரப்பையெல்லாம் கொத்தி இறக்கினால்தான் எழுத்து மேலே நிற்கும். ஆகவே வாள் கல்லில் அந்தப் பெயர் உள்ள முகப்பு இஸ்லாமியர் காலத்தது என்று சொல்லிவிடலாம். அந்த முகப்பு உருவாகும் முன் அதே கல் வேறு யாருடைய வழிபாட்டில் எத்தனை காலம் நின்றது என்பதை அந்த எழுத்தால் சொல்ல முடியாது. செதுக்கின் வயது வேறு, கல் நின்ற வயது வேறு.

பழைய கல்லைப் புதிய கல்லறைக்கு எடுத்துக்கொள்வது மலாய் மண்ணின் தனி வழக்கம் அல்ல. பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் கவ்ரினி என்ற தீவுக் கல்லறை இருக்கிறது. ஆறாயிரம் ஆண்டு பழமையானது. உள்சுவர்க் கற்கள் முழுக்க வளைவு வளைவான கோடுகள். அதன் கூரைக் கல்லின் மேற்புறத்தில் மாட்டு உருவத்தின் ஒரு பகுதி செதுக்கப்பட்டிருப்பது 1980களில்தான் தெரிந்தது. மீதி உருவம் எங்கே என்று பார்த்தால், சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி லோக்மரியக்கேர் ஊரில் இன்னொரு கல்லறையின் கூரையில் இருந்தது. முன்பு வெட்டவெளியில் நின்ற ஒரே நெடுங்கல்லை உடைத்து, துண்டுகளை வேறு வேறு கல்லறைகளுக்குக் கூரையாக்கியிருக்கிறார்கள். மேற்புறச் செதுக்கை மண்ணும் கல்லும் மூடிவிட்டன. அயர்லாந்தின் நியூகிரேஞ்சிலும் மறைந்த செதுக்கு உண்டு. அந்த மேட்டைச் சுற்றி 97 கற்கள். நுழைவாயில் கல்லின் சுருள்களை உலகமே படமெடுக்கிறது. ஆனால் சில கற்களில் செதுக்கு இருப்பது யார் கண்ணும் படாத பின்பக்கத்தில்.

தமிழகத்துப் பெருங்கற்கால மக்கள் செதுக்கியது குறைவு. ஆனால் கல்லை வெறுமையாகவும் விட்டுவிடவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் கல்திட்டைகளின் உட்பலகைகளில் வெள்ளை நிற ஓவியங்கள் இருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரில் கல்வட்டங்களுக்கு நடுவே, தலையும் தோளும் தோன்றும்படி வெட்டிய மாபெரும் பலகைக்கல் நிற்கிறது. நொய்யல் கரைக் கொடுமணலில் ஈமக்குழிப் பானைகளில் கீறல் குறிகள்.

எழுத்து வந்து சேர்ந்த கட்டத்தைக் காட்டுவது தேனி மாவட்டம் புலிமான்கோம்பை. வைகைக் கரையில் இருக்கும் அந்த ஊரின் பெருங்கற்கால ஈமக்காட்டில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006இல் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனை ஒரு கல் பேர் சொல்லிக் குறிக்கிறது. பின்னாளைய நடுகற்களில் வாளும் வில்லும் ஏந்திய வீரன் இருப்பான். இவற்றில் உருவம் கிடையாது, எழுத்து மட்டுமே. பெயரில்லாத பெருங்கல் பெயருள்ள நடுகல்லாக மாறிய இடம் இது. அந்த மாற்றத்தை ஈமக்காட்டை விட்டு வெளியேறாமலே செய்திருக்கிறார்கள்.

வைகைக் கரையையும் லிங்கிக் கரையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஈமக்கல் ஒரே நாளில் முடிந்துபோன பொருள் அல்ல. புது மதமும் புது எழுத்தும் வரும்போது அவை பல இடங்களில் ஏற்கெனவே மக்கள் வணங்கும் கல்லைத் தேடிப் போயிருக்கலாம். அதனால் “இது எந்தக் காலத்துக் கல்?” என்ற கேள்விக்கு ஒற்றை ஆண்டைப் பதிலாகச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் 1998 முதல் அடக்கம் செய்த உடலுக்கு 15 ஆண்டுதான் இடம். நிலம் குறைந்த தீவுக்கு வேறு வழியில்லை. ஆகவே காலம் கடந்து நிற்கும் கல்லறைக் கல்லைக் காண நினைக்கும் புக்கிட் மேராக்காரர் ஒரு வார இறுதியில் போர்ட் டிக்சன் பக்கம் போகும்போது பெங்காலான் கெம்பாஸையும் சேர்த்துக்கொள்ளலாம். போனால் காலையிலோ மாலையிலோ போங்கள். சாய்ந்த வெயிலில்தான் புடைப்பு எழுத்து எடுப்பாகத் தெரியும். படம் நன்றாக வர வேண்டும் என்று செதுக்குக் கோடுகளில் சாக்குக்கட்டியோ சுண்ணாம்போ தேய்க்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். அது ஒரு சமாதித் தலம். செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.