அண்ணாமலையைச் சுத்தும் 53 துண்டுகள்!

பௌர்ணமி ராத்திரியில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நின்று பார்த்திருக்கீங்களா பாஸ்? லட்சக்கணக்கான பேர், 14 கிலோமீட்டர், எல்லோருக்கும் ஒரே திசை. அவனவன் வேகம் அவனவனுக்கு. ஆனாலும் மொத்தக் கூட்டமும் ஒரே ஆள் நடக்கிற மாதிரி நகரும். இதை அப்படியே இசையா எழுதினா எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி ஒண்ணை 1964-லேயே எழுதிட்டாங்க. அதுவும் கடல் தாண்டி, அமெரிக்காவில்!

எழுதியவர் டெர்ரி ரைலி. படைப்பின் பெயர் ‘இன் ஸி’. கண்டக்டர் கிடையாது. ஆளுக்கொரு வாத்தியம். ஒரே ஒரு பக்கத்தில் அடங்கும் 53 குட்டி இசைத் துண்டுகள், அவ்வளவுதான் நோட்ஸ். ஒண்ணாம் துண்டில் ஆரம்பித்து வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொன்றையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப வாசிக்கலாம். ஆனா, மற்றவர்களை விட்டு இரண்டு, மூன்று துண்டுகளுக்கு மேல் விலகிப் போகக் கூடாது. காதைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கணும். பியானோவில் மேல் ‘ஸி’ மட்டும் டிங், டிங் என்று கடைசி வரை ஒலிக்கும். கச்சேரியில் தாளம் போடுகிறவர் மாதிரி! அந்த யோசனையைச் சொன்னவர் ஒத்திகையில் இருந்த இன்னொரு இசையமைப்பாளர், ஸ்டீவ் ரைக்.

சின்ன விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மெதுவாக மாற்றும் இந்த பாணிக்குப் பேர்தான் மினிமலிசம். ‘ஸி’யை ஸட்ஜமமா வெச்சுக் கேட்டா, நம்ம காதுக்கு முதலில் சங்கராபரணம் தெரியும். நடுவில் மத்யமம் ஏறி கல்யாணி வாடை அடிக்கும். கடைசியில் நிஷாதம் இறங்கி ஹரிகாம்போதி எட்டிப் பார்க்கும்.

இதை லேப்டாப்பில் கொண்டு வரணும்னு ஆசை. சோனிக் பை என்ற இலவச சாஃப்ட்வேரில், கோட் எழுதினால் அது பாட்டாகக் கேட்கும். எட்டு டிராக் போட்டேன். பெயர்? கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்கள்தான். இந்திரன், அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யன்! எத்தனை தடவை திரும்ப வாசிப்பது என்பதை முதல் ரவுண்டில் வேணும்னே ராண்டமாக விட்டேன். பத்தே நிமிஷத்தில் குபேரன் முப்பதைத் தாண்டிட்டார். யமன் பதினஞ்சிலேயே நிற்கிறார். ஒவ்வொரு டிராக்கும் தனியாகக் கேட்டால் சுத்தம். சேர்த்துக் கேட்டால் பஸ் ஸ்டாண்டு!

மூன்று துண்டுக்கு மேல் விலகக் கூடாது என்பதைக் கோடில் எப்படிச் சொல்வது? முன்னால் போனவர் என்ன செய்யணும்? அதே துண்டையே வாசித்துக்கொண்டு நிற்பதா? விடை ரோட்டில் இருந்தது.

ராஜகோபுரத்தில் கிளம்பி ரமணாசிரமத்தைத் தாண்டும் வரை எல்லோரும் விறுவிறு. யமலிங்கத்துக்கு அப்புறம் ஊர்ச் சத்தம் குறையும்போதுதான் நடை தெரிய ஆரம்பிக்கிறது. வேகமாகப் போன காலேஜ் கும்பல் ஒன்று சுக்குக்காபி கடையில் நிற்கிறது. பின்னாடி வந்த ஒரு தாத்தா, பேரன் கையைப் பிடித்தபடி அவர்களைக் கடந்து போகிறார். ஆதி அண்ணாமலை தாண்டியதும் அதே கும்பல் தாத்தாவைப் பிடித்துவிடுகிறது. இடுக்குப் பிள்ளையார் வாசலில் ஒருத்தர் உள்ளே நெளிந்து போய் வரும்வரை குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. காத்திருக்கிறவங்க யாரும் நின்ற இடத்தில் கால் மாற்றி நடந்துகொண்டிருக்கலை. சும்மா இருந்தாங்க!

அதைத்தான் கோடில் எழுதினேன். மூணு துண்டு முந்திப் போன டிராக் மௌனம். பின்னால் இருப்பவர் நெருங்கினதும் திரும்ப நுழையலாம். ரைலியின் குறிப்பிலும் அப்பப்போ நிறுத்திவிட்டு மற்றவர்களைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். ரவுண்டு டூவில் பஸ் ஸ்டாண்டு காணாமல் போய்விட்டது. மௌனம் சேர்ந்ததும் மற்ற வாத்தியங்கள் தெளிவாகக் கேட்டன.

அந்த ரோட்டிலேயே இன்னொரு பாடமும் உண்டு. பக்கத்துப் பக்கத்து இரண்டு கடை ஸ்பீக்கர்களில் ஒரே நமசிவாய மந்திரம், அரை விநாடி வித்தியாசத்தில். நடுவில் நின்றால் மூன்றாவதாக ஒரு புதுத் தாளம் காதில் விழும். ரைக் 1965-ல் ஒரே குரல்பதிவை இரண்டு டேப் ரெக்கார்டரில் சுற்றவிட்டுச் செய்தது இதைத்தான். நம்ம ஊர் இசைக்கும் இவங்களுக்கும் நேரடித் தொடர்பே இருக்கு. ரைலி 1970-ல் கிரானா கரானாவின் பண்டிட் பிரான் நாத்திடம் சீடரானவர். 2017-ல் நியூயார்க்கின் ‘புரூக்ளின் ராகா மேஸிவ்’ குழு சித்தார், பான்சுரி, தபலாவோடு ‘இன் ஸி’யை ஆல்பமாகவே கொண்டு வந்தது.

சரி, லேப்டாப் பாஸாகிவிட்டதா? பாதி! அது நம்பரைத்தான் பார்க்கிறது, யாரையும் கேட்பதில்லை. பக்கத்து ஆள் மூச்சு வாங்குவதைப் பார்த்து நடையைக் குறைக்கிற புத்தி அதுக்கு வராது. அதனால ஈசான்ய டிராக்கைக் காலியாக விட்டேன். ஹாஸ்டலில் புல்லாங்குழல் வாசிக்கிற ஒரு ஃப்ரெண்ட் அந்த இடத்துக்கு வந்தான். அவன் அடுத்த துண்டுக்குப் போகும்போது பக்கத்தில் இருப்பவர் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டணும். மீதி ஏழு பேரும் அவனை வைத்துத்தான் முன்னே போவதா, நிற்பதா என்று முடிவு செய்வார்கள்.

‘இன் ஸி’யின் முடிவும் அழகு. 53-க்கு முதலில் வந்தவர் கிளம்பிப் போய்விட முடியாது. எல்லோரும் வந்து சேரும்வரை அதையே வாசித்துக் காத்திருக்கணும். அப்புறம் ஒலி சேர்ந்து ஏறி இறங்கி, ஒவ்வொருத்தராக விடைபெறலாம்.

எங்க ரூமில் ஏழு லிங்கங்களும் 53-ல் வந்து நின்னாச்சு. புல்லாங்குழல் இன்னும் 51-ல். யாருக்கும் அவசரம் இல்லை!