காது திருகிய வாத்தியார்



10 நாள் விபாசனா முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து தினமும் விடியலில் ஒரு மணி நேரம் தியானம் என்று உங்களிடம் பெருமையடித்திருக்கிறேன். உண்மை வேறு. என் வீட்டம்மா போனபிறகு, உட்கார்ந்தால் தூக்கம்தான். ஐந்தாவது மூச்சிலேயே தலை தொங்கிவிடும். விட்டுவிடலாம் என்றே இருந்தேன்.

தியானத்தில் தூங்கி வழிந்த சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்ன வழிகள் அங்குத்தர நிகாயத்தில் இருக்கின்றன. கற்றதை வாய்விட்டுச் சொல், காதைப் பிடித்து இழு, கண்ணைக் கழுவி நட்சத்திரங்களைப் பார், நட. அதற்கும் போகாவிட்டால் வலப்பக்கம் சாய்ந்து படு! (எத்தனை பேர் காதைத் திருகியிருக்கிறேன், மன்னியுங்கள்.)

இப்போது 4.30 மணிக்கு மொட்டைமாடியில் 20 நிமிடம் நடந்துவிட்டு உட்காருகிறேன். நேற்று அரை மணி நேரம் விழித்திருந்தேன். அவள் நினைவு வந்தது. தூக்கம் அதைத்தான் மூடி வைத்திருந்தது போலும். அழுதேன். பிறகு மறுபடி மூச்சைக் கவனித்தேன்.