தொண்டை இல்லாத வாய்

1998இல் பெரோடுவா அறிமுகப்படுத்திய கெம்பாராவின் பெயருக்கு மலாயில் சுற்றியலைதல் என்று பொருள். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கெம்பாரா, பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளைத்தான் அதிகம் சுற்றியது. கூரையில் இரும்புக் கூடை, நெற்றியில் எல்இடி விளக்குகள், கண்ணாடியோரம் ஸ்நோர்கெல். நேராகக் காட்டிலிருந்து வருகிறவன் போல இருப்பேன். ஸ்நோர்கெல் வெறும் பொம்மை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் அத்தை வீட்டு மாடிப்படிவரை தண்ணீர். "ஒங்கிட்டதான் ஃபோர்வீல் இருக்கே, வாடா" என்றார் போனில். கிள்ளானிலிருந்து கிளம்பிப் போய், முட்டியளவுத் தண்ணீருக்கு முன்னால் நின்றுவிட்டேன். மறுநாள், முன்பின் தெரியாத ஒரு மலாய்க்காரர் ஹைலக்ஸில் கொண்டுவந்த படகில்தான் அத்தை வெளியே வந்தார்.

வெள்ளம் வடிந்தபின் கிள்ளானில் ஒரு போர்மேனிடம் வண்டியைக் காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "தம்பி, வாய் இருக்கு, தொண்டையக் காணோமே."

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அது எஞ்சினுக்குள் போனால் பிஸ்டனைத் தாங்கும் கம்பியே வளைந்துவிடும். ஸ்நோர்கெல் ஏர்ஃபில்டர் பெட்டியோடு நீர் புகாமல் இணைந்திருக்க வேண்டும். சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் நீரை உள்ளிழுக்கும்; அதன் மூச்சுக்குழாயையும் மேலே ஏற்ற வேண்டும். அப்படியும் ஆழத்தில் சின்ன வண்டி மிதக்கத்தான் செய்யும்.

"மொதல்ல டயரு. அப்பறம் கொக்கி. மிச்சமெல்லாம் பெறகு பாப்போம்" என்றார். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டி, சிக்கிய வண்டியை இழுக்கவே கூடாதாம். முறிந்தால் குண்டாகப் பறந்து ஆளைக் கொல்லும். சேசிஸில் போல்ட் போட்ட கொக்கிதான் தாங்கும். வண்டியை உயர்த்தலாமா என்றேன். ஜேபிஜே ஒப்புதல் இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

விளக்கையும் கூடையையும் விற்று மண்ணுக்கான டயர் வாங்கினேன். சேற்றில் இறங்கும்போது காற்றைக் குறைத்தால் டயர் அகன்று பிடிக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

போன தீபாவளிக்கு அத்தை வண்டியில் ஏறினார். அந்த இரவைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"வெளக்கெல்லாம் எங்கடா?"

"வித்துட்டேன் அத்தை."

"இனி தண்ணி ஏறுனா வருவியா?"

"எவ்வளவு ஆழம்னு பாத்துட்டுதான் சொல்லுவேன்."

அத்தை தலையாட்டினார். "இத அன்னைக்கே போன்ல சொல்லியிருந்தா, ராத்திரி முழுக்க வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க மாட்டேன்."