ஆசிட் ஊற்றுமுன் தரையைப் பாருங்கள்

கோவை சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடி வீடு. சுண்ணாம்புக் கறை எடுக்கக் குளியலறைக்குள் நுழைந்த பிளம்பர் அண்ணன் குழாய்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து வாசற்படிக் கல்லைத் தடவினார். "ஏனுங் டீச்சர், இது மார்பிளுங்களா, கிரானைட்டுங்களா?" வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. பில்டர் போட்டது, தெரியாது என்றார். அண்ணன் ஒரு எலுமிச்சை மூடி கேட்டு வாங்கி, கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டுப் பிழிந்தார். சற்றுப் பொறுத்துத் துடைத்தால், அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு போய் மங்கியிருந்தது. "மார்பிளுங்க. இதுமேல எதுவும் சிந்தக் கூடாது" என்று படியின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரங்களை ஒட்டினார்.

குழாய் மூக்கில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருப்பதும் வாசற்படி மார்பிளும் ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட். ஒன்றைக் கரைக்கிற அமிலம் மற்றதையும் கரைக்கும். டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்டையும், பழைய வீடுகளில் மார்பிள் சில்லு கலந்து போட்ட மொசைக் தரையையும் விடாது. எங்கே எதை ஊற்றுகிறோம் என்று தெரியாமல் செய்தால் கறையோடு வீடும் கரையும்.

இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்க, சமைக்க ஆற்றிலிருந்து வரும் நல்ல தண்ணி. குளிக்க, துவைக்க போர்வெல்லின் உப்புத் தண்ணி. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, பாறையிலிருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. குழாய் நுனியில் தொங்கும் சொட்டு காயும்போது வாயு வெளியேறிவிடும், சுண்ணாம்பு தங்கிவிடும். சூடாக்கினால் இன்னும் வேகம். கெய்சர் கம்பியில் ஓடு கட்டுவது அதனால்தான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (2012) இப்படிக் கரைந்தவற்றால் வரும் கடினத்தன்மைக்கு வைத்த அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம்.

அடுத்து அலமாரி. டாய்லெட் கிளீனர், ஒரு பொட்டலம் ப்ளீச்சிங் பவுடர், பழைய தண்ணீர் பாட்டிலில் மஞ்சளாக ஏதோ ஒன்று. ப்ளீச்சிங் பவுடரை அண்ணன் முதலில் பால்கனிக்குக் கொண்டுபோனார். அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியப் போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. ஜன்னல் சாத்திய குளியலறையில் குத்துக்காலிட்டுத் தேய்ப்பவரின் முகத்தருகே தேங்கி நிற்கும். காலையில் ப்ளீச் போட்ட தரையென்றால், நன்றாகக் கழுவி அலசாமல் அமிலத்தை எடுக்கக் கூடாது.

பாட்டிலில் இருந்தது, தள்ளுவண்டிக்காரரிடம் பினாயிலோடு வாங்கிய லூஸ் ஆசிட். ஹைட்ரோகுளோரிக் அமிலம், எவ்வளவு வீரியம் என்று எழுதியிருக்காது. அமிலம் விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும், வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டியில் அதெல்லாம் ஏது? குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் அது நிற்பதே பெரிய ஆபத்து. அண்ணன் சுவரிலிருந்த டவல் கம்பியைக் காட்டினார். ஸ்டீல் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். "கமோடுலதான ஊத்துனேன்?" என்றார் டீச்சர். "புகை போதுமுங்க. கதவைச் சாத்திட்டு ஊத்துனா ஆணி, கொக்கி எல்லாத்தையும் அரிச்சிரும்."

ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ரப்பர் கையுறையும் கண்ணாடியும் மாட்டிய பிறகுதான் வேலை தொடங்கியது.

முதலில் ஷவர். முகப்பைக் கழற்றி, பிளாஸ்டிக் வாளியில் வினிகரும் அதே அளவு தண்ணீரும் கலந்து அமிழ்த்தினார். குழாய் மூக்கிலிருக்கும் சிறு சல்லடையும் அதனுள் போனது. கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். மெதுவாகத்தான் வேலை செய்யும். நிலையான குழாய்க்கு வினிகரில் நனைத்த துணியைச் சுற்றினார். அரைமணிக்கு மேல் வைக்கவில்லை. குரோம் பூச்சின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தங்க நிறம், கறுப்பு நிறம் பூசிய குழாய்களில் அவர் வினிகரைக்கூடத் தொடுவதில்லை.

துணி ஊறும் நேரத்தில் டீச்சர் ஒரு யோசனை சொன்னார். யூடியூபில் வினிகரோடு சமையல் சோடாவும் போடச் சொல்கிறார்களே? நுரை பொங்கும், அவ்வளவுதான். சோடா அமிலத்தை முறித்துவிடும். சுண்ணாம்பைக் கரைக்க மிச்சம் ஏதுமிருக்காது.

சுவர் டைல்ஸுக்கு சிட்ரிக் ஆசிட் தூள். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். கொதிநீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். சூடு ஏறினால் கால்சியம் சிட்ரேட் கரையாமல் வெள்ளையாகவே படிந்துவிடும். தெளிக்குமுன் சுவர் முழுக்கப் பச்சைத் தண்ணீர் ஊற்றினார். சிமெண்ட் இடுக்குகள் தண்ணீரைக் குடித்துவிட்டால் அமிலம் உள்ளே இறங்காது. பிறகு தெளித்தார். காதை அருகில் வைத்தால் மெல்லிதாகப் பொரியும் சத்தம். கரியமில வாயு குமிழியாக வெளியேறுவது அது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நான் பிரஷைக் கையில் எடுத்தேன். "தேய்க்காதீங்க, ஊறோணுங்க. சத்தம் நின்னா அமிலம் தீந்துருச்சுன்னு அர்த்தம். மறுபடி தெளிச்சாப் போதும்." இரண்டாம் முறை தெளித்ததும் பொருக்கு கஞ்சிபோல் இளகியது. நைலான் பிரஷ் பட்டதும் வழிந்தது. இடுக்கில் அமிலம் தங்காதபடி உடனே அலசினார்.

கமோடுக்கு மட்டும்தான் வீரியமான சரக்கு, அதுவும் லேபிள் ஒட்டிய டாய்லெட் கிளீனர். பளபளப்பேற்றிச் சுட்ட பீங்கானை ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒன்றும் செய்யாது. பிரஷால் தண்ணீரை உள்ளே தள்ளி மட்டத்தைக் குறைத்தார். இல்லாவிட்டால் ஊற்றியது நீர்த்துப்போகும். விளிம்புக்கு அடியில் சுற்றி ஊற்றி, மூடியைக் கவிழ்த்து, எங்களையும் வெளியே அழைத்துவந்தார். ஸ்டீல் நார் போட்டுச் சுரண்டுபவர்கள் உண்டு. அது பீங்கானில் கீறல் விழ வைக்கும், அடுத்த சுண்ணாம்பு அந்தக் கீறலில்தான் பிடிக்கும்.

காத்திருந்தபோது முதலுதவி பற்றிக் கேட்டேன். தோலிலோ கண்ணிலோ தெறித்தால் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். சோடா தரையில் சிந்தியதற்குத்தான், உடம்புக்கு இல்லை. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஏறும்போது தொண்டை மறுபடி வேகும். உடனே 108.

மிஞ்சிய லூஸ் ஆசிட்டை என்ன செய்வது? பால்கனியில் முக்கால் வாளி தண்ணீர் வைத்து, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ஆசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். எப்போதும் தண்ணீருக்குள்தான் ஆசிட் போக வேண்டும். பொங்குவது நிற்கும்வரை சோடாவைத் தூவி, பிறகு கமோடில் ஊற்றித் தண்ணீர் விட்டார்.

எல்லாம் அலசிய பின் குழாய் கண்ணாடியாக மின்னியது, அடியில் மட்டும் குழிகுழியாக மஞ்சள் தெரிந்தது. "இதையும் எடுத்துருங்க" என்றார் டீச்சர். "அது கறையில்லீங்க. முன்னால ஊத்துன ஆசிட்டோட புகை பூச்சைத் தின்னு பித்தளை தெரியுது. டேப்பையே மாத்தோணுங்க." மாற்றினால் புதிதை எப்படிக் காப்பாற்றுவது? குளித்து முடித்ததும் ஒரு துணியால் துடைக்க வேண்டும். சொட்டு காய்ந்தால்தானே சுண்ணாம்பு.

"தெனமுமா?"

"தெனமுந்தானுங் டீச்சர். முடியலீன்னா வாரத்துக்கு ஒருக்கா வினிகர். அதுவும் முடியலீன்னா என்னையக் கூப்புடுங்க."